கால் ஊன்றாதே

படிவத்தில் ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. பெயர், வயது, இதய நோய் உண்டா, வலிப்பு வருமா, அண்மையில் அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா. கடைசியாக, நீச்சல் தெரியுமா. 'தெரியும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பொய். பக்கத்தில் நின்ற பாட்னாக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால்தான்.

இடம் சிவ்புரி. ரிஷிகேஷுக்கு மேலே, தேவப்ரயாக் போகிற சாலையில் இருக்கிறது. நவம்பர் மாதக் காலை. நொய்டாவில் கிளையண்ட் மீட்டிங் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, ஞாயிறு இரவுதான் ஃபிளைட். நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடந்தது. டெல்லியிலிருந்து 240 கிலோமீட்டர், ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது அங்கே இருக்கலாம் என்று யாரோ சொல்ல, ஐந்து பேர் கிளம்பிவிட்டோம். அம்மாவிடம் போனில் "ரிஷிகேஷ் போறோம்" என்று மட்டும் சொன்னேன். அம்மா அதை யாத்திரை என்று எடுத்துக்கொண்டார். "நல்லது கண்ணு. வரும்போது கங்கைத் தண்ணி ஒரு சொம்பு எடுத்துட்டு வா."

நான் குளித்தலைக்காரன். வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் காவிரி. ஆற்றோரத்தில் வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் பெங்களூரில் யாரும் நம்புவதில்லை. ஊரில் யாரும் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஏன் நீச்சல் தெரியாது என்பது தெருவுக்கே தெரியும்.

கூடத்தில் ஒரு போட்டோ உண்டு. சித்தப்பா. 1979 ஆடி மாதம், வாய்க்கால் மதகிலிருந்து குதித்தவர் எழுந்து வரவில்லை. பதினெட்டு வயது. "எம்மவன் முசிறி வரைக்கும் நீந்திப் போயிட்டுத் திரும்பி வர்றவன்" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படிச் செத்தார் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: சுழி இழுத்துடுச்சு. சின்ன வயதில் அந்தச் சொல் எனக்கு ஒரு மிருகத்தின் பெயர்போலக் கேட்கும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எவரையும் கணுக்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கவிட்டதில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்குக்கூட அம்மா சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிவிடுவார், அவ்வளவுதான். அப்பா ஆற்றுப் பக்கமே வரமாட்டார்.

இதையெல்லாம் அந்தத் தகரக் கொட்டகையில் நின்று யாரிடம் சொல்வது? லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இந்த ஜாக்கெட்தான். நாம் பட்டைகளை இழுத்துக் கட்டி, சரியாக இருக்கிறது என்று நினைப்போம். வழிகாட்டி வந்து தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பார். ஜாக்கெட் மோவாய் வரை ஏறினால் அது தளர்வு. மூச்சு விடச் சற்றுச் சங்கடமாக இருக்கும் அளவுக்கு அவரே இறுக்கிவிடுவார். நம்மைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது கையைப் பிடித்துத் தூக்கமாட்டார்கள், அந்தத் தோள்பட்டைகளைப் பிடித்துத்தான் தூக்குவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஹெல்மெட், துடுப்பு. துடுப்பின் தலையில் டி எழுத்து மாதிரி ஒரு பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியே இருக்க வேண்டும். கையை எடுத்தால் அந்தப் பிடி அடுத்தவன் பல்லைப் பெயர்த்துவிடும்.

எங்களில் ஒருவன் ஜீன்ஸோடு வந்திருந்தான். வழிகாட்டி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த ஜீன்ஸின் கனத்தையும் நவம்பர் காற்றில் அது தருகிற குளிரையும் அவன் அன்று முழுக்க அனுபவித்தான். நைலான், பாலியெஸ்டர் எதுவானாலும் சரி, பருத்தி வேண்டாம். செருப்புக்குப் பின்பட்டை வேண்டும். கண்ணாடிக்குக் கயிறு. எனக்கு மூன்றாவது மட்டும் தெரிந்திருந்தது.

வழிகாட்டி டெஹ்ரி பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். பேச்சு முழுக்க ஹிந்தி, ஆனால் கட்டளைகள் மட்டும் ஆங்கிலம். ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன். என் ஹிந்தி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். மற்றதைப் பாட்னாக்காரன் மொழிபெயர்த்தான். படகின் உள்ளே உட்கார்ந்து வரப்போகிறோம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. காற்றடைத்த வெளி ஓரத்தின் மேல், பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே தொங்குகிற மாதிரி உட்கார வேண்டும். குறுக்கே போகும் காற்றுக்குழாயின் அடியில் காலைச் செருகிக்கொள்வதுதான் பிடிமானம். இது என்ன கூத்து என்று இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீரை எட்டாது. துடுப்புப் போடாத படகு ஆற்றோடு அதே வேகத்தில் மிதக்கும் கட்டை. ஆற்றைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் அதைத் திருப்ப முடியும்.

பிறகு, விழுந்தால் என்ன செய்வது என்ற பாடம். மல்லாந்து கொள்ளுங்கள். மூக்கும் கால் விரலும் தண்ணீருக்கு மேலே தெரியட்டும். கால்கள் நீரோட்டத்தின் திசையில் முன்னால் இருக்கட்டும், பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம். இதை ஒருமுறை சொன்னார். அடுத்ததை நான்குமுறை சொன்னார்: எழுந்து நிற்க முயலாதே. முழங்கால் ஆழம்தான் என்று தோன்றினாலும் கால் ஊன்றாதே. ஆற்றுப் படுகையில் பாறை இடுக்கு ஏதாவது ஒன்றில் பாதம் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் உன்னை முன்னால் சாய்க்கும். பிறகு உன்னால் நிமிர முடியாது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இன்ஜினியரிங் இரண்டாம் செமஸ்டரில் இந்தச் சமன்பாட்டை எழுதித் தேர்வானவன் நான். அது என் காலைப் பற்றியது என்று அப்போது தோன்றியதில்லை.

சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர். விளம்பர வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெரும்பகுதி நேரம் ஒன்றுமே நடக்காது. பச்சை நிறத்தில் அமைதியான தண்ணீர், இரண்டு பக்கமும் மலை, வெள்ளை மணல் திட்டுகள், கரையில் துணி துவைக்கும் ஓசை. வெண்ணீர் வேகங்கள் சேர்ந்தாற்போல் சில நிமிடங்கள்தான். அவற்றின் பெயர்கள் இன்னொரு வேடிக்கை: ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள், ஹில்டன். பகீரதன் தவமிருந்து கொண்டுவந்த ஆற்றில் கிளப் ஹவுஸ். உலகம் முழுக்க இவற்றை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சிற்றலை, 6 என்றால் உயிரைப் பணயம் வைத்துப் போவது. எங்கள் பாதையில் பெரும்பாலானவை 3 என்றார்கள். அதுவும் நிலையான எண் அல்ல. நீர்மட்டம் மாறினால் தரமும் மாறும். மழைக்காலத்தில் இந்தப் பாதையையே மூடிவிடுகிறார்கள். மேலே பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத்தில் டெஹ்ரி அணை நிற்கிறது. அதில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இங்கே அலை எழும்பும். ஆடியில் மேட்டூரில் திறந்தார்களா என்று பேப்பரைப் பார்க்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் இருக்காது.

ரோலர் கோஸ்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டோம். லாரிகள் தொடர்ந்து போகிற நெடுஞ்சாலை மாதிரி ஓர் இரைச்சல். பிறகு ஆறு ஒரு கோட்டில் முடிந்துபோன மாதிரி தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளைத் துளிகள் மட்டும் எழும்பி எழும்பி விழுந்தன. கடலில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்க, அலை நகர்ந்து வரும். ஆற்றில் நேர்மாறு. அலை ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கிற ஒரு மலைத்தொடர்மீது நாம் ஏறி இறங்க வேண்டும். வழிகாட்டி பின்னாலிருந்து "ஃபார்வர்ட்! ஹார்ட்!" என்று கத்தினார். முதல் அலையில் ஏறினோம். இரண்டாவதில் என் துடுப்பு தண்ணீரைத் தொடவில்லை, காற்றில் வீசியது. துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரை அதுவும் ஒரு கால் மாதிரி நம்மைத் தாங்கும். வெளியே இருந்தால் நாம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூட்டை. மூன்றாவது அலையில் மூட்டை விழுந்தது.

குளிர். முதலில் அது மட்டும்தான். பனி உருகி வந்த தண்ணீர் மார்பில் பட்டதும், நாம் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. நான் பாதி பாதி இழுத்தேன். ஜாக்கெட் போட்டிருந்தும் உடனே மேலே வரவில்லை. வெண்ணீர் வெள்ளையாக இருப்பது அதில் கலந்திருக்கும் காற்றால், காற்று கலந்த தண்ணீருக்குத் தாங்கும் சக்தி குறைவு. கையால் அடித்தேன். பிடிக்க ஒன்றுமே இல்லை, நுரையை அடிக்கிற மாதிரி இருந்தது. மேலே வந்தேன், ஒரு அலை முகத்தில் உடைந்தது, மறுபடி உள்ளே. அப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். காலைத் தேடினேன், அதாவது தரையை. அத்தனை முறை சொல்லியும், மூளையில் எங்கோ ஆழத்தில் இருப்பது ஒன்றுதான்: எழுந்து நில். வலது குதிகால் ஒரு பாறையில் உரசியது. உரசிய அந்தக் கணத்தில்தான் வழிகாட்டியின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. முழங்காலை மடக்கி, மல்லாந்தேன். வானம் தெரிந்தது. அலையின் பள்ளத்தில் மூச்சு, முகட்டில் வாயை மூடு. இரண்டு அலை, மூன்று அலை.

ஏதோ என் மார்பின் குறுக்கே விழுந்தது. கயிறு. சிவப்பும் வெள்ளையும் கலந்தது. படகிலிருந்து ஒரு பையை என் தலைக்கு மேலே வீசியிருந்தார், கயிறு பைக்குள்ளிருந்து அவிழ்ந்தபடியே வந்தது. கையில் சுற்றிக்கொள்ளாதே, வெறுமனே பிடி, தோளுக்கு மேல் போட்டுக்கொண்டு மல்லாந்தபடியே இரு என்று பாடத்தில் சொல்லியிருந்தார். பிடித்தேன். படகருகே வந்ததும் தோள்பட்டைகளைப் பற்றி, முதலில் என்னைத் தண்ணீருக்குள் ஒரு அமுக்கு அமுக்கினார். கொல்லப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அமுக்கிய வேகத்தில் ஜாக்கெட் மேலே எம்ப, அந்த எம்பலோடு சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டார். மீன் மாதிரி படகுக்குள் கிடந்தேன். வீடியோவைப் பிறகு பார்த்தேன். விழுந்ததிலிருந்து ஏறியது வரை நாற்பத்திரண்டு நொடி.

பாதிவழியில் ஒரு மணல் கரையில் ஒதுங்கினோம். மேகியும் டீயும். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். வழிகாட்டி டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "ஸ்விம்மிங் நஹீ ஆத்தா, ஹை நா?" என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை என்றார். அவருக்குத் தொல்லை கொடுப்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தானாம். கயிற்றைப் பிடிக்காமல் கரைக்கு நீந்தப் பார்ப்பார்கள்.

அப்போது கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, அந்தக் குளிரில் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. சுழி என்பதற்கு ஹிந்தியில் என்ன? பாட்னாக்காரன் 'பவர்' என்றான். வழிகாட்டி துடுப்பின் முனையால் மணலில் வரைய ஆரம்பித்தார்.

ஒரு பாறை. அதன் பின்பக்கம் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். அது ஒரு வகை, பயமில்லாதது, படகை நிறுத்தி இளைப்பாறும் இடமே அதுதான். இன்னொன்று: தண்ணீர் பாறையின் மேலேறி மறுபக்கம் செங்குத்தாக விழுகிற இடம். விழுந்த தண்ணீர் அடியோடு வெளியே போகும். ஆனால் மேற்பரப்பில் இருக்கும் தண்ணீர் திரும்பி, விழும் இடத்துக்கே வரும். அதில் மாட்டிய பொருள் மேலே வரும், திரும்பி இழுக்கப்படும், உள்ளே போகும், மறுபடி மேலே வரும். பாறை என்றால் ஓரம் இருக்கும், பக்கவாட்டில் தப்பிக்கலாம். இல்லையென்றால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு அடியில் போ, அடித்தண்ணீர் உன்னை வெளியே தள்ளும் என்றார். பிறகு குறுக்கே ஒரு நேர்கோடு போட்டார். மனிதர்கள் கட்டிய சுவர், தடுப்பணை. பார்க்க அழகாக, ஒரே சீராக, இரண்டடி மூன்றடிதான் விழும். கரையிலிருந்து கரைவரை அதே சுருள். அதற்கு ஓரமே கிடையாது. "இதோடு மட்டும் நாங்கள் விளையாடமாட்டோம்" என்றார். பாட்னாக்காரன் மொழிபெயர்த்து முடித்ததும் மேகியை ஊதிக்கொண்டு எழுந்து போய்விட்டான். நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் ஒவ்வொரு கோடையிலும் செய்தி வரும். தடுப்பணையில் குளித்த மாணவர்கள், மூன்று பேர், நான்கு பேர். ஒருவனைக் காப்பாற்றப் போய் அடுத்தவன். 'ஆழமான பகுதி, குளிக்கத் தடை' என்று பலகை வைத்திருப்பார்கள். ஆழம் இல்லை என்பது அங்கே குளிக்கிற பையனுக்கு நன்றாகத் தெரியும், நேற்றும் குளித்தவன்தானே. அதனால் பலகையை நம்பமாட்டான். தண்ணீர் உன்னைத் திரும்பத் திரும்ப இங்கேயே கொண்டுவரும் என்று எழுதிய பலகையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மீதித் தூரத்தை நன்றாகவே துடுப்புப் போட்டேன். கோல்ஃப் கோர்ஸில் விழவில்லை. பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன், கால் செருகிய இடத்தில் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. முடியும் இடத்தில் கங்கைத் தண்ணீரை ஒரு பிஸ்லெரி பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

அந்த வீடியோவை ஜீன்ஸ்காரன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். அத்தை மகள் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா இரண்டு நாள் போனில் அழுதார், திட்டினார். அப்பா போனை வாங்கவே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாட்டுப்பொங்கல் சாயங்காலம் திண்ணையில் இருந்தபோது, "அந்தப் படத்தைக் காட்டு" என்றார்.

காட்டினேன். நாற்பத்திரண்டு நொடியையும் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். கயிறு வந்து விழும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இது எவ்வளவு நீளம் இருக்கும்?"

"இருபது மீட்டர் இருக்கும்ப்பா."

"நான் வேட்டியைத்தான் அவுத்து வீசினேன்," என்றார். "நாலு முழ வேட்டி."

அப்பா அன்றைக்கு மதகில் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"குதிச்சான். மேல வந்தான். உள்ள போனான். அதே எடத்துல மறுபடி வந்தான். வெளையாடுறான்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது தடவை கை மட்டுந்தான் வந்துச்சு. அப்பறந்தான் வேட்டியை அவுத்தேன்."

வாசலில் போட்ட கோலத்தின் மாவு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அதில் விரலால் கோடு போட்டேன். வழிகாட்டி போட்ட அதே படம். மதகு, விழும் தண்ணீர், மேலே திரும்பி வருவது, அடியில் வெளியே போவது. அப்பா குனிந்து பார்த்தார். வாய்க்கால் பாசனத்தில் ஐம்பது வருஷம் மடை திறந்தவருக்கு நான் விளக்க அதிகம் இருக்கவில்லை.

"அப்ப நான் குதிச்சிருந்தா?"

"நீங்களும் அங்கேயேதான் சுத்தியிருப்பீங்கப்பா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா என்கிட்ட கேட்டுச்சு, நீ ஏன் எறங்கலைன்னு. ஒரு தடவைதான் கேட்டுச்சு," என்றார். அப்பாயி இறந்து பதினொரு வருஷம் ஆகிறது.

பெங்களூர் திரும்பி ஆன்லைனில் ஒரு எறிகயிறு வாங்கினேன். பையோடு சேர்த்து இருபது மீட்டர், மிதக்கும் கயிறு. பங்குனியில் ஊருக்கு எடுத்துப்போனேன். தெருவில் நின்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: நுனியை ஒரு கையில் விடாமல் பிடிச்சுக்கணும், பையைக் கையடியிலிருந்து வீசணும், ஆளைக் குறிபார்க்கக்கூடாது, ஆளுக்கு அந்தப் பக்கம் விழணும், அப்பதான் கயிறு அவர் மேல கிடக்கும். முதல் இரண்டு தடவை பை எதிர்வீட்டு முருங்கை மரத்தில் மாட்டியது. எதிர்வீட்டு அக்கா வந்து, என்ன மாமா மீன் பிடிக்கப் போறீங்களா என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் பையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை நேராகப் போய் மின்கம்பத்தைத் தாண்டி விழுந்தது. அவர் எண்ணிக்கொண்டே நடந்துபோய் எடுத்து வந்தார். இருபத்தேழு எட்டு.

"மதகுக்கு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கே போயிடும்," என்றார்.